மணிக்கட்டில் மூன்று விரல்

நூற்றுப் பன்னிரண்டு, காலையிலும் அதேதான், நேற்று மாலையும் அதை ஒட்டித்தான், நடுவில் ஜெனரேட்டர் என்று பெயரெடுத்த சீனியர் நர்ஸ் நாடி பார்த்தபோது மட்டும் எண்பத்திரண்டாம், ஒரே மணிக்கட்டு, ஒரே இதயம், பிடிக்கிற கை மாறினால் துடிக்கிற கணக்கும் மாறிவிடுமா என்ன... மாறிவிடும், அதுதான் இப்போது அவளுடைய சிக்கல். பெண்கள் அறுவை சிகிச்சை வார்டின் நடுவழியில், பி.பி. மெஷினும் தெர்மாமீட்டரும் ஏற்றிய வண்டியைப் பிடித்தபடி நின்றவளுக்கு, ஜன்னலோரக் கட்டிலின் பக்கம் கழுத்து திரும்பவே மாட்டேன் என்றது. தலை நரைக்கத் தொடங்கும் வரை நர்ஸ் வேலை பார்த்தாகிவிட்டது, எத்தனை ஆயிரம் மணிக்கட்டைப் பிடித்திருப்பாள், இந்த ஒரு மணிக்கட்டுக்குப் போய் இப்படி வெலவெலத்தால் பார்க்கிறவர்கள் சிரிக்க மாட்டார்களா? பார்க்கிறவர்களுக்கு என்ன தெரியும், அவர்களைப் பொறுத்தவரை ஜன்னலோரத்தில் படுத்திருப்பது பித்தப்பையில் கல் முற்றி அவசரமாக ஆபரேஷன் ஆன ஒரு அம்மாள், அவ்வளவுதான். அந்த அம்மாள் அவளுடைய சொந்த அக்கா, கூடப் பிறந்தவள் என்பது வார்டில் ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது. கொண்டுவந்து சேர்த்த மருமகனுக்கு அவளை அடையாளம் தெரியாது, அடையாளம் தெரிந்த மகளோ நிறைமாதமாக வெளியூரில் இருக்கிறாள். அக்கா வாயைத் திறக்கவில்லை, அவளும் திறக்கவில்லை. ஆறு வருஷமாக முகம் கொடுத்துப் பேசாத இரண்டு பேர், வேறு எதிலும் ஒத்துப்போகாதவர்கள், இதில் மட்டும் பேசிவைத்துக்கொண்ட மாதிரி ஒத்துப்போனார்கள்.

காலையில் டாக்டரம்மா அந்தக் கட்டிலருகே நின்ற நேரம் இன்னும் காதில் ஓடிக்கொண்டிருந்தது. நல்ல டாக்டர், குரலை உயர்த்தத் தெரியாதவர், அக்காவின் வயிற்றை நாலு பக்கமும் அழுத்திப் பார்த்தார், கண் இமையை இழுத்துப் பார்த்தார், கால் ஆடுசதையைக்கூடத் தொட்டுப் பார்த்தார், பிறகு அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "வயிறு மெத்துன்னுதான் இருக்கு, பி.பி. நல்லா இருக்கு, காய்ச்சலும் பெருசா இல்ல. இந்த பல்ஸ் மட்டும் ஏன் இப்படி ஆடுது? உங்க கணக்கை நம்பறதா, அந்த சிஸ்டர் கணக்கை நம்பறதா?" என்றார். அவள் சார்ட்டை எடுத்து நீட்டினாள். "சரி, மதிய ரவுண்ட்ஸுக்கு முன்னாடி இன்னொரு தடவை பார்த்து வைங்க. அப்பவும் நூறுக்கு மேலன்னா ஸ்கேன். உள்ள ரத்தம் கசியுதுன்னு தெரிஞ்சா திரும்ப தியேட்டருக்குத்தான். அதுவரைக்கும் வாய்வழியா ஒண்ணும் கொடுக்க வேண்டாம்." தலையை ஆட்டினாள். அக்காவுக்குப் பசி தாங்காது, சின்ன வயதிலேயே தாங்காது, பசித்தால் வீட்டில் இருக்கிற பாத்திரமெல்லாம் பேச ஆரம்பிக்கும். போட்ட தையலைப் பிரித்து மறுபடியும் வயிற்றைத் திறப்பது என்றால் சும்மாவா, அதுவும் ஒன்றுமே இல்லாததற்குத் திறந்தால்? ஒன்றுமே இல்லை என்று விட்டுவிட்டு உள்ளே நிஜமாகவே கசிந்துகொண்டிருந்தால்? இரண்டு பக்கமும் பள்ளம், நடுவில் அவளுடைய மூன்று விரல்கள்.

வேறு வழியில்லை, முதல் கட்டிலிலிருந்து வரிசையாகத் தொடங்கினாள், வரிசை என்று ஒன்று இருப்பது எவ்வளவு நிம்மதி. குடல்வால் எடுத்த கல்லூரிப் பெண், நெடுந்தூர ஓட்டக்காரி, போர்வைக்கு வெளியே நீட்டியிருந்த கால்கள் கொக்குக் கால்கள். தெர்மாமீட்டரை நாக்கடியில் வைத்துவிட்டுக் காத்திருக்கும்போது அவளுக்கு எப்போதும் வருகிற அந்த மலைப்பு இன்றைக்கும் வந்தது. வெளியே தார் உருகுகிற வெயில் அடித்தாலும், மூன்று நாள் விடாமல் மழை ஊற்றினாலும், இந்த உடம்புக்குள் மட்டும் சூடு ஒரு கோட்டைத் தாண்டாமல் நிற்கிறது, யார் உள்ளே உட்கார்ந்து அடுப்பை ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கிறார்கள், சம்பளமில்லாமல், லீவில்லாமல், ஒரு தடவைகூட மறந்துபோகாமல்? அரை டிகிரி கூடினால் வீடே பதறுகிறது, கூடாத கோடிக்கணக்கான நேரத்துக்கு யாராவது கும்பிடு போட்டதுண்டா? அந்தப் பெண்ணின் நாடி நாற்பத்தெட்டு. புதிதாக வேலைக்கு வந்த வருஷமாக இருந்தால் கையும் காலும் ஓடாமல் டாக்டரைக் கூப்பிட ஓடியிருப்பாள், இப்போது சிரிப்புத்தான் வருகிறது, ஓடி ஓடிப் பழகிய இதயம், ஒரு அடி அடித்தால் அதில் இரண்டு அடியின் வேலை முடிந்துவிடுகிறது, பிறகு என்ன அவசரம் என்று சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறது. "என்ன சிஸ்டர், கம்மியா இருக்கா?" என்று அந்தப் பெண் கேட்டது. "உனக்கு இது கம்மி இல்லம்மா. உன் இதயம் நல்லா வேலை கத்துக்கிட்டிருக்கு" என்றாள். இவளுக்கு நாற்பத்தெட்டு சரி, பக்கத்துக் கட்டிலுக்கு நாற்பத்தெட்டு என்றால் கூட்டம் கூடிவிடும். எண் என்றால் ஒன்றுதான் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள், இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது, ஆளைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்த்தால் அது வெறும் எண்... அப்படியானால் நூற்றுப் பன்னிரண்டு? அந்த ஆளை அவளுக்குத் தெரியாதா, பிறந்ததிலிருந்து தெரியுமே, அவ்வளவு தெரிந்ததுதான் சிக்கலா?

அடுத்தது பாட்டு டீச்சர், குடலிறக்க ஆபரேஷன், பேசுகிற ஒவ்வொரு சொல்லையும் இழுத்து ஒரு சுருதியில் நிறுத்துகிறவர். இவரிடம் மட்டும் மூச்சை எண்ணப் போகிறேன் என்று வாய் தவறிச் சொல்லிவிடக் கூடாது, ஒரு நாள் சொல்லி மாட்டிக்கொண்டாள், உடனே நிமிர்ந்து உட்கார்ந்து, வயிற்றிலிருந்து மூச்சை இழுத்து நிறுத்தி, மேடையில் கச்சேரி நடக்கிற மாதிரி அளந்து அளந்து விட்டார், எதை எழுதுவது? மூச்சு ஒரு வெட்கப்படுகிற பிராணி, யாரோ பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் நடை மாறிவிடும். அதற்காகத்தான் நர்ஸ்களுக்கு ஒரு திருட்டு வேலை உண்டு, நாடியை எண்ணி முடித்த பிறகும் விரலை மணிக்கட்டிலிருந்து எடுக்காமல், இன்னும் நாடிதான் பார்க்கிறோம் என்கிற முகத்தோடு, ஓரக்கண்ணால் மார்பு ஏறி இறங்குவதை எண்ணிக்கொள்வது. முதன்முதல் அந்த வேலையைச் செய்தபோது ஒரு வீட்டுக்குள் கதவைத் தட்டாமல் எட்டிப் பார்த்த மாதிரி இருந்தது. இதயத்தை யாராலும் நிறுத்திவைக்க முடியாது, சூட்டை யாராலும் ஏற்றிக்கொள்ள முடியாது, மூச்சு ஒன்றைத்தான் நம் கையிலும் கொடுத்து, நாம் தூங்கும்போது பத்திரமாகத் திரும்ப வாங்கிக்கொள்கிற ஏற்பாடு செய்துவைத்திருக்கிறார்கள், யார் செய்தார்களோ. ஆனால் அதை நின்று எண்ணப் பொறுமை உள்ளவர்கள் குறைவு, ஜெனரேட்டர் டியூட்டியில் இருந்தால் வார்டில் உள்ள எல்லோரும் நிமிஷத்துக்கு இருபது தடவைதான் மூச்சு விடுவார்கள், கிழவியும் இருபது, குமரியும் இருபது, மயக்கம் தெளியாதவளும் இருபது. எழுதிவைத்த மாதிரி என்பார்களே, இது எழுதியேவைத்தது. அப்படிப்பட்டவள் கொடுத்த எண்பத்திரண்டை எந்த தைரியத்தில் நம்புவது?

அதைக் கேட்கத்தான் வழியில் ஜெனரேட்டரை நிறுத்தினாள். பெயரைச் சொல்லி அந்த சீனியர் நர்ஸை யாரும் கூப்பிட்டு வருஷங்களாகிவிட்டன, தொண்டையைத் திறந்தால் கரண்ட் போன வார்டிலும் விளக்கு எரியும் என்று டாக்டர்களே சொல்வார்கள். ஒரு நோயாளியை ஸ்ட்ரெச்சரில் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போகிற அவசரத்தில் இருந்தாள். "அந்த ஜன்னல் கட்டிலுக்கு முழு நிமிஷம் பார்த்தீங்களாக்கா?" என்று இவள் கேட்டதற்கு, "கால் நிமிஷம் பார்த்து நாலால பெருக்க எனக்குத் தெரியாதா? ஒவ்வொருத்தருக்கும் முழு நிமிஷம் நின்னா இந்த வார்டை யாரு முடிக்கிறது, உன் மாமனாரா?" என்று வந்தது பதில், நாலு கட்டில் திரும்பிப் பார்க்கிற மாதிரி. "நீதான் அரை நிமிஷம் அரை நிமிஷமா நின்னு உயிரை விடுற. ஆமா, அந்தம்மாவைப் பார்த்தா மட்டும் ஏன்டி உன் மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி ஆயிடுது? தெரிஞ்சவங்களா?" இல்லை என்று தலை தானாக ஆடியது. நாளெல்லாம் அடுத்தவர் உடம்பில் உண்மையைத் தேடுகிறவளுக்குச் சொந்தத் தலை இவ்வளவு சுலபமாகப் பொய்யாடுமா? நீங்களே வந்து இன்னொரு தடவை பாருங்களேன் என்று கேட்க நினைப்பதற்குள் ஸ்ட்ரெச்சர் கதவைத் தாண்டிப் போய்விட்டது, தியேட்டரிலிருந்து அவள் திரும்புவதற்குள் ரவுண்ட்ஸ் வந்துவிடும்.

பி.பி. பார்க்கிற கட்டில் அடுத்தது, புஜத்தில் கஃப்பைச் சுற்றி, பல்பை அழுத்தி அழுத்தி ஏற்றி, ஸ்டெதஸ்கோப்பை முழங்கை மடிப்பில் வைத்து, மெல்ல மெல்லக் காற்றை விட்டாள். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, இன்னும் ஒன்றுமில்லை... டப். அந்த முதல் சத்தம். எத்தனை முறை கேட்டாலும் அவளுக்கு அது இருட்டில் யாரோ கதவைத் திறக்கிற சத்தம்தான். ரத்தம் தன் பாட்டுக்கு ஓடும்போது சத்தமே போடுவதில்லை, இறுக்கினால்தான், வழியை மறித்தால்தான் இடித்துக்கொண்டு சத்தம் போடும், விட்டுவிட்டால் மறுபடியும் மௌனமாகிவிடும். வாழ்நாள் முழுக்க உள்ளே இவ்வளவு பெரிய ஆறு ஓடுகிறது, ஒரு சலசலப்பு இல்லை, எப்படி? ஆனால் இந்த பி.பி. இருக்கிறதே, இது கௌரவம் பார்க்கிற ஜன்மம். உள்ளே வீடு இடிந்துகொண்டிருந்தாலும் வாசலில் நின்று சௌக்கியம் சௌக்கியம் என்று சொல்லிக்கொண்டேயிருக்கும், கடைசி நிமிஷத்தில்தான் ஒரேயடியாகக் காலை வாரும். அதற்கு வெகுநேரம் முன்பே நாடி ஓடத் தொடங்கிவிடும், குறைகிற ரத்தத்தை இன்னும் வேகமாகச் சுற்றிச் சுற்றி அனுப்பிச் சமாளிக்கப் பார்க்கும். அதை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள், அக்கா மகளுடைய கல்யாணத்தன்றுதான் பார்த்தாள். டியூட்டி முடிந்து புடவை மாற்றிக் கிளம்புகிற நேரத்தில், கர்ப்பப்பை எடுத்திருந்த ஒரு பெண்ணின் நாடி நூற்றைத் தாண்டி ஏறிக்கொண்டே போனது, பி.பி. சௌக்கியம் என்றது, எல்லோரும் பயத்தில் துடிக்கிறது என்றார்கள், அவளுக்கு மனசு கேட்கவில்லை, கட்டிக்கொண்ட புடவையோடு திரும்ப வந்து உட்கார்ந்துவிட்டாள். உள்ளே கசிந்துகொண்டிருந்தது, அந்தப் பெண் பிழைத்தாள், அவள் கல்யாணத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லோரும் சாப்பிட்டுக் கைகழுவி நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

அக்கா அழவில்லை, அழுதிருந்தால்கூடத் தேவலை. "ஊரான் வீட்டு நாடி உனக்குப் பெருசாப் போச்சுல்ல" என்றாள், அத்தனை சம்பந்திகள் நிற்கும்போது. அவளுக்கும் வாய் சும்மா இருந்ததா, "நான் வரலைன்னா உன் பொண்ணு கல்யாணம் நின்னாபோச்சு?" என்று போட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அதற்குப் பிறகு அக்கா ஏதாவது சொன்னாளா, பின்னாலேயே வந்தாளா, வாசல் வரைக்குமாவது... தெரியாது, திரும்பிப் பார்க்கவில்லை. சொன்ன வார்த்தைகள் இரண்டே இரண்டு, அவற்றைச் சுற்றி வருஷங்கள் தாமாகவே சுவர் எழுப்பிக்கொண்டன. அந்த அக்காவா இது? முதல் நாள் வலியில் சுருண்டு வந்து இறங்கியபோது அக்கா அவளை ஒரு முறை பார்த்தாள், பிறகு மின்விசிறியைப் பார்த்தாள், கடைக்காரரிடம் பையை நீட்டுகிற மாதிரி கையை நீட்டினாள். நேற்று, "சிஸ்டர், கொஞ்சம் தண்ணி" என்றாள். எல்லா நோயாளியும் கூப்பிடுகிற மாதிரியேதான் கூப்பிட்டாள், குரலில் ஒரு சுருக்கம் இல்லை, அவளும் டம்ளரில் ஊற்றிக் கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்குச் சாலையைக் கடக்கும்போது அக்கா அவள் விரலைப் பிடிக்க மாட்டாள், விரல் நழுவிவிடுமாம், மணிக்கட்டைத்தான் பிடிப்பாள், இறுக்கமாக, இதே இடத்தில், கட்டைவிரலுக்குக் கீழே எலும்போரம். அப்படியென்றால் அத்தனை நாளும் அக்காவின் விரலடியில் அவளுடைய நாடி துடித்துக்கொண்டுதானே இருந்திருக்கும், லாரி வரும்போது வேகமாக, கடந்தபின் மெதுவாக, எண்ணத் தெரியாத ஒருத்தியின் கைக்குள். உண்மையைச் சொன்னால் என்ன, டாக்டரிடம் போய், அந்தம்மா என் அக்கா, ஆறு வருஷமா பேச்சில்ல, நான் தொட்டாத்தான் நாடி ஓடுது, மத்தவங்க தொட்டா ஓடலை, என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. தீருமா? அக்காவின் இதயம் என்னைக் கண்டு துடிக்கிறது என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது, அது என்ன காதல் கதையா? அதைவிட மோசம், அவளுக்கே தன்மேல் நம்பிக்கை இல்லை, ஏனென்றால் அது அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள், ஆமாம், ஆசைப்பட்டாள், மறைத்து என்ன பயன். கசிவு இல்லை, நான்தான் காரணம், ஆறு வருஷத்துக்குப் பிறகும் நான் பக்கத்தில் வந்தால் அவளுக்கு உள்ளே ஏதோ ஆகிறது... இந்த ஆசையோடு நாடியைப் பிடித்தால் விரல் ஆசைக்குத் தகுந்த கணக்கைத்தானே சொல்லும்? கட்டைவிரலால் நாடி பார்க்காதே, அதற்குச் சொந்தமாக ஒரு துடிப்பு உண்டு, உன்னுடையதையே நோயாளியினுடையது என்று எண்ணிவிடுவாய் என்று முதல் பாடத்திலேயே சொல்வார்கள். சந்தேகம் தாங்காமல் வண்டி மறைவில் தன் மணிக்கட்டையே பிடித்துப் பார்த்தாள், நூற்றுப் பத்து. போச்சு. அப்படியானால் இரண்டு நாளாக எண்ணியது யாருடையது?

ஒரு வழிதான் இருந்தது, அது தோன்றியதும் இவ்வளவு நேரம் ஏன் தோன்றவில்லை என்று தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. தூங்கும்போது பார்ப்பது. தூங்குகிற உடம்புக்குத் தங்கையும் கிடையாது, கோபமும் கிடையாது. உள்ளே கசிந்தால் தூக்கத்திலும் நாடி ஓடும், கசியாவிட்டால் அடங்கியிருக்கும், இதைவிட நேர்மையான சாட்சி எங்கே கிடைக்கும்? ஜன்னலோரத்துக்கு நடந்தாள், செருப்புச் சத்தம் கேட்காமல், வண்டியைப் பாதி வழியிலேயே விட்டுவிட்டு. பசியில் களைத்து அக்கா மதியத் தூக்கத்தில் இருந்தாள், வாய் லேசாகத் திறந்து, நெற்றி வகிட்டில் நரை, அவள் பார்த்திராத நரை. கை போர்வைக்கு மேலே மல்லாந்து கிடந்தது. குளிர்ந்த விரல் பட்டால் விழித்துவிடுவாள் என்று இரண்டு கையையும் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிரவிரல், மூன்றையும் ஒரு இலை விழுகிற மாதிரி வைத்தாள். சுவர்க் கடிகாரத்தின் நொடி முள்ளைப் பிடித்துக்கொண்டாள். வந்தது. நிதானமாக, நிறைவாக, ஒன்று முடிந்து அடுத்தது வருவதற்குள் ஒரு சின்ன இடைவெளி விட்டு, விரலை உள்ளிருந்து தூக்கித் தூக்கிக் கொடுத்தது. மூச்சு தூங்குகிறவர்களின் மூச்சு, ஒன்று நீளம், ஒன்று குட்டை, நடுவில் ஒன்று வரவேண்டிய இடத்தில் வராமல் தாமதித்து வந்தது. அரை நிமிடம், முப்பத்தொன்பது. எழுபத்தெட்டு. கசியவில்லை. ஒன்றும் கசியவில்லை. அவளுக்கு உயிர் வந்தது, எந்தக் கடவுள் என்று பார்க்காமல் எல்லோருக்கும் ஒரு கும்பிடு போட்டாள், கண் நிறைந்து கடிகாரம் கலங்கித் தெரிந்தது.

விரலை எடுத்திருக்க வேண்டும், எடுக்கத்தான் போனாள், அப்போதுதான் விரலடியில் அது மாறியது. ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வந்தது, அதன் குதிகாலில் இன்னொன்று, இடைவெளிகள் சுருங்கின, யாரோ மாடிப்படியில் ஏறி வருகிற மாதிரி ஏறியது, தொண்ணூறு இருக்கும், நூறு, அதற்கும் மேலே... நிமிர்ந்து முகத்தைப் பார்த்தாள். கண்கள் மூடித்தான் இருந்தன, இமை அசையவில்லை. ஆனால் மூச்சு? மூச்சு திடீரென்று ஒழுங்காகிவிட்டிருந்தது, ஒரே நீளம், ஒரே இடைவெளி, அளவெடுத்துத் தைத்த மாதிரி. நிஜமாகத் தூங்குகிற யாரும் இவ்வளவு அழகாக மூச்சு விடுவதில்லை. அக்கா விழித்துவிட்டாள். விழித்துக்கொண்டு, தூங்குகிறவள் எப்படி மூச்சு விடுவாள் என்று யோசித்து யோசித்து விட்டுக்கொண்டிருக்கிறாள், முகத்தையும் மூச்சையும் கல்லாக்கிவிட்டாள், இதை மட்டும் அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை, இந்த மூன்று விரலுக்கு அடியில் இருப்பதை மட்டும். இது என்ன, கோபமா, பயமா, வேறா? ஒரே வேகத்தில்தானே எல்லாம் துடிக்கும், நூற்றெட்டில் எது பகை எது பாசம் என்று எந்தப் புத்தகத்தில் போட்டிருக்கிறது? அரை நிமிடம் எப்போதோ முடிந்துவிட்டது, கை பழக்கத்தில் எழும்பப் பார்த்தது, இரண்டு நாளும் இந்த இடத்தில்தான் எழும்பியது, எண்ணினாள், இரண்டால் பெருக்கினாள், நூற்றுப் பன்னிரண்டு என்று எழுதினாள், நகர்ந்துவிட்டாள். இப்போது விரலை எடுக்காமல் வைத்திருந்தாள். அக்காவும் கையை இழுத்துக்கொள்ளவில்லை, தூக்கத்தில் புரள்கிற மாதிரி சுலபமாக இழுத்துக்கொண்டிருக்கலாம், இழுக்கவில்லை. நொடி முள் ஒரு சுற்று முடித்து அடுத்த சுற்றுக்குப் போனது. கொஞ்ச நேரத்துக்கு ஒன்றுமே மாறவில்லை. பிறகு, அவளால் நம்பவே முடியவில்லை, அது இறங்கத் தொடங்கியது. யாரும் சொல்லாமல், யாரும் கேட்காமல், ஒவ்வொரு படியாக, இடைவெளிகள் திரும்பி வந்தன, நூறு, தொண்ணூற்றைந்து, தொண்ணூறு, தூக்கத்தில் அல்ல, முழு விழிப்பில், பிடித்திருப்பது யாருடைய விரல் என்று நன்றாகத் தெரிந்த ஒரு இதயம் அந்த விரல்களுக்கு அடியிலேயே அமைதியாகிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷத்தில் எத்தனை நாடியை எண்ணியிருப்பாள், ஏறின நாடி அதற்கப்புறம் என்ன செய்கிறது என்று ஒரு தடவையாவது நின்று பார்த்திருக்கிறாளா?

"என்ன சிஸ்டர், எவ்வளவு?" டாக்டரம்மா கட்டிலின் கால்மாட்டில் வந்து நின்றதை அவள் கவனிக்கவில்லை.

"தூங்கும்போது எழுபத்தெட்டு டாக்டர். மூச்சும் நிதானமாத்தான் இருந்தது."

"அப்பாடா. அப்ப ஸ்கேன் வேண்டாம், கஞ்சி கொடுக்கச் சொல்லுங்க" என்றவர், மூடிய கண்களையும் இன்னும் எடுக்காத விரல்களையும் ஒரு கணம் பார்த்தார். "முழிச்சிருக்கும்போது எவ்வளவுன்னும் பார்த்துடுங்க, அதைத்தான் நான் எழுதணும்."

அவள் குரல் உயராமல், கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "அதான் டாக்டர், இன்னும் எண்ணிக்கிட்டிருக்கேன்" என்றாள்.